வீடியோ கேமரா வாங்கும் முன் மைக் துளையைப் பாருங்கள்

பொதுக்குழு, ஆண்டு விழா, மாவட்ட மாநாடு என்று எதுவானாலும் வீடியோ எடுத்து வைக்கும் பழக்கம் நம் வணிகர் சங்கங்களில் ஊன்றிவிட்டது. வாடகைக்கு ஆள் வைத்து எடுத்து வந்த சங்கங்கள் பல, இப்போது சொந்தமாகவே ஒரு கேமரா வாங்கிவிடலாம் என்று தீர்மானம் போடுகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆனால் வாங்கப் போகும் நிர்வாகிகள் கடையில் கேட்கும் கேள்விகள் எல்லாம் படத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. 4கே உண்டா, எவ்வளவு தூரம் இழுக்கும், இருட்டில் எடுக்குமா என்கிறார்கள். சத்தம் எப்படிப் பதியும் என்று கேட்பவரைக் காணோம்.

தலைவர் பொன்னாடை போர்த்துவதைப் பார்த்து மகிழ ஒரு புகைப்படம் போதும். கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பதற்காகத்தான் நமக்கு வீடியோ.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைக்குத் தடை வந்தது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய மாதம் எங்கள் பகுதியில் அதிகாரி ஒருவரை அழைத்து விளக்கக் கூட்டம் போட்டார்கள். பருப்பும் வற்றலும் கடையிலேயே கட்டிக் கொடுக்கும் கவர் கூடுமா, கம்பெனியில் அடைத்து வரும் கவர் கூடுமா என்று ஒன்றரை மணி நேரம் கேள்வி பதில் நடந்தது. தடை வந்த மாதமே ஒரு கடையில் கவர்களைப் பறிமுதல் செய்து அபராதமும் போட்டார்கள். "கூடும் என்றுதானே கூட்டத்தில் சொன்னார்" என்றார் கடைக்காரர். "கூடாது என்றுதான் சொன்னார்" என்றார் பக்கத்துக் கடைக்காரர். வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அதிகாரியின் வாய் அசைகிறது. மண்டபத்து மின்விசிறி இரைச்சல் கேட்கிறது. பின்வரிசையில் ஒருவர் செல்போனில் ஏலக்காய் விலை பேசியதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. அதிகாரி சொன்னது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒன்றும் புரியவில்லை. அபராதம் கட்டியாயிற்று. அந்த இரண்டு கடைக்காரர்களும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இது கேமராவின் கோளாறு அல்ல. மண்டபத்தின் கோடியில் நாற்பது அடி தள்ளி நிற்கும் கேமராவின் சொந்த மைக், தன் அருகில் இருப்பதைத்தான் முதலில் கேட்கும். ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் பேச்சு சுவரில் மோதி எதிரொலியோடு அதற்குப் போய்ச் சேருகிறது. அதே பேச்சு மேடை மைக்கிலிருந்து மிக்சருக்குச் சுத்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கேமராவில் சொருகிவிட்டால் காரியம் முடிந்தது. சொருகுவதற்குக் கேமராவில் துளை வேண்டுமே! அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

விலை கூடினால் துளை இருக்கும் என்று எண்ண வேண்டாம். சோனியின் சிறிய ஹேண்டிகேம் சிஎக்ஸ்405 நம் ஊர்க் கடைகளில் நிறைய விற்றது. அதில் வெளி மைக் துளையே கிடையாது. அதே சோனியின் இசட்வி-1 மாடலில் 3.5 மில்லிமீட்டர் மைக் துளை உண்டு, ஆனால் ஹெட்போன் துளை இல்லை. கேனான் ஆர்50 மாடலும் அப்படியே. சோனி இசட்வி-இ10, கேனான் எச்எப் ஜி70 ஆகியவற்றில் இரண்டு துளைகளும் உண்டு. ஹெட்போன் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒயர் சரியாகச் சொருகவில்லை என்பது கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது தெரிந்து என்ன பயன்? காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் அங்கேயே தெரிந்துவிடும். சரக்கை இறக்கும்போதே எடை போடுவதில்லையா, அது போலத்தான்.

துளை இருந்தால் மட்டும் போதாது. இது மின்சார விஷயம், கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். மைக்கிலிருந்து வரும் மின் அழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். கேமராவின் சிறு துளை அதைத்தான் எதிர்பார்க்கிறது. மிக்சரின் லைன் அவுட், ரெக் அவுட் துளைகளில் வருவது சாதாரண ரகமானால் ஏறத்தாழ 0.3 வோல்ட், தொழில்முறை ரகமானால் 1.2 வோல்ட். பல நூறு மடங்கு! பொன் நிறுக்கும் தராசில் அரிசி மூட்டையை வைத்த கதையாகிவிடும். பேச்சு முழுவதும் கரகரவென்று உடைந்து பதியும். கேமராவில் ஒலி அளவைக் குறைத்தாலும் சரியாகாது, ஏனென்றால் உடைவது அதற்கு முன்பே. இடையில் ஒலியைக் குறைத்துக் கொடுக்கும் அட்டெனுவேட்டர் ஒயர் போட வேண்டும். விலை பெரிதல்ல. கேமராவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு இந்த ஒயருக்குக் கணக்குப் பார்ப்பவர்களை என்ன சொல்வது!

இன்னொன்றை உரக்கவே சொல்ல வேண்டும். ஆம்ப்ளிபயரின் பின்னால் ஒலிபெருக்கிக்குப் போகும் முனைகளில் ஒருபோதும் கேமரா ஒயரை இணைக்காதீர்கள். தெருவெல்லாம் குழாய் கட்டும் ஆம்ப்ளிபயர்களில் அந்த முனை 70 அல்லது 100 வோல்ட் லைன். கேமரா அந்த நொடியே போய்விடும், பிடித்திருப்பவர் கைக்கும் ஆபத்து. "எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம் சார்" என்று சொல்லும் மைக் செட்காரரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வசதியுள்ள சங்கங்கள், எக்ஸ்எல்ஆர் எனப்படும் மூன்று முள் துளை உள்ள கேமராவை வாங்கலாம். கேனானின் எக்ஸ்ஏ வரிசை அத்தகையது. மைக், லைன் என்று சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளினால் மேலே சொன்ன தொல்லை இல்லை. ஒயர் நூறு அடி போனாலும் இரைச்சல் ஏறாது. இன்னொரு லாபமும் உண்டு. இடது தடத்தில் மிக்சர் ஒலியும் வலது தடத்தில் கேமராவின் சொந்த மைக்கும் தனித்தனியாகப் பதியும் வசதி இவ்வகையில் பலவற்றில் இருக்கிறது. மிக்சர் ஒயரில் மேடை மைக்கில் பேசுவது மட்டுமே வரும். கீழே எழுந்து நின்று மைக் இல்லாமல் கேள்வி கேட்கும் உறுப்பினரின் குரல் வராது. கேள்வி இல்லாமல் பதில் மட்டும் பதிந்தால் அதிலும் தகராறு வரும்.

சிறு துளைக் கேமராவில் நீண்ட ஒயர் போட்டால் 'உம்' என்ற முனகல் கேட்கலாம். கேமராவும் ஆம்ப்ளிபயரும் வேறு வேறு பிளக்கில் மின்சாரம் எடுக்கும்போது பெரும்பாலும் இப்படி ஆகும். கேமராவை அதன் பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள், அநேகமாக நின்றுவிடும். ஒயரே வேண்டாம் என்றால் இப்போது ஒயர்லெஸ் மைக் பெட்டிகள் வந்திருக்கின்றன. வெளி மைக் சொருகும் துளையுள்ள அனுப்பும் பெட்டியை மிக்சரிலும், வாங்கும் பெட்டியைக் கேமராவிலும் மாட்டினால் மண்டபத்தின் குறுக்கே ஒயர் ஓடாது, யாரும் தடுக்கி விழவும் மாட்டார்கள். அங்கேயும் ஒலியைக் குறைத்துக் கொடுக்கும் கணக்கு உண்டு.

ஒலி அளவைக் கையால் திருப்பும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தானாகவே அளவு மாற்றும் கேமரா, கைதட்டல் எழும்போது ஒலியைத் தாழ்த்திவிடும். அடுத்துப் பேசுபவரின் முதல் வரி அதில் அமுங்கும். பேச்சு நின்றால் தூக்கிவிடும், மின்விசிறி சூறாவளி ஆகும்.

படம் எடுக்கும் கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடியில் பதிவு நின்றுவிடும் வழக்கம் இருந்தது. காரணம் கேட்டால் நம்மவர்கள் சிரிப்பார்கள்: சுங்கவரி! தொடர்ந்து 30 நிமிடமோ அதற்கு மேலோ பதியும் கருவியை ஐரோப்பியச் சுங்கத்தில் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி போட்டார்கள். ஒரு விநாடி குறைத்து வரியைத் தவிர்த்தார்கள் தயாரிப்பாளர்கள். புதிய மாடல்கள் பலவற்றில் இத்தடை நீங்கிவிட்டது. பழைய கேமரா மலிவாக வருகிறதென்று வாங்குபவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வரவேற்புரையே அரை மணி நேரம் போகும் கூட்டங்கள் நம்முடையவை.

ஏற்கெனவே துளையில்லாக் கேமரா வாங்கிவிட்ட சங்கங்கள் அதை விற்க வேண்டியதில்லை. லைன் துளையுள்ள சிறு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மிக்சர் அருகே வைத்துத் தனியாகப் பதியலாம். தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை பலமாகக் கைதட்டினால், பிறகு கம்ப்யூட்டரில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடுவார்கள். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் உதடும் சொல்லும் சற்றே விலகலாம், நடுவில் ஒருமுறை சரி செய்தால் போதும். தீர்மானங்களுக்காக மட்டும் என்றால் அந்த ஒலிநாடாவே போதுமானது என்பது நம் கருத்து. ஒலிநாடா என்று எழுதுவது பழக்க தோஷம், இப்போது அது விரல் நகம் அளவு அட்டைதான்.

புதிதாக வாங்கப் போகும் செயலாளர்கள், வழக்கமாக மைக் செட் போடுபவரையும் கடைக்கு அழைத்துச் செல்லலாம். அவருடைய சிறு மிக்சர், ஒரு மைக், ஒரு ஹெட்போன், அட்டெனுவேட்டர் ஒயர் நான்கும் ஒரு பைக்குள் அடங்கும். கடை மேசையிலேயே இணைத்துப் பத்து நிமிடம் பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு பில் போடச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையென்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம்.