வார்டு பட்டியலை இப்போதே பாருங்கள்

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. தமிழ்நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 60 சதவீதம். 2016 முதல் கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகத்தில் இருந்த நகரத்தில் இந்த நிலை. சோம்பல் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாவடி வரை வந்து, பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். என் கவலை அவர்களைப் பற்றியது.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் அது வார்டு வார்டாகப் பிரித்துக்கொள்கிறது. பிரிக்கும்போது தெருக்கோடி வீடு பக்கத்து வார்டுக்குப் போய்விடும். ஒரே வீட்டில் மாமியார் ஒரு வார்டிலும் மருமகள் இன்னொரு வார்டிலும் இருப்பார்கள். சட்டமன்றத் தேர்தலுக்குப் போன அதே பள்ளிக்கூடம் என்று நினைத்துப் போனால் அங்கே பெயர் இருக்காது. வாக்காளர் அட்டை கையில் இருந்தும் பயனில்லை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. எனவே வார்டு பட்டியல் ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களில் வைக்கப்படும்போதே போய்ப் பாருங்கள். தவறு இருந்தால் எழுத்து மூலமாகக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று வாங்குங்கள். சட்டமன்றப் பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் முதலில் படிவம் 6. தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

கிராமத்தில் வேலை இன்னும் நுணுக்கமானது. ஒருவருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னமே இருக்காது. அதைத் தேடித் திணறுகிறவர்கள் நிறைய. இரண்டு சின்னத்துக்கு நடுவே முத்திரை விழுந்தாலும், ஒரே சீட்டில் இருவருக்குக் குத்தினாலும் அது செல்லாத ஓட்டு. மை மறுபக்கம் ஒட்டாதபடி முதலில் நீளவாக்கில் மடியுங்கள். சில நூறு பேரே உள்ள வார்டில் ஓர் ஓட்டில் வென்றவர்கள் உண்டு.

சாவடியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும். நான்கு சீட்டையும் கிழித்து, மடித்துக் கொடுத்து, விரலில் மை வைத்து அனுப்புவதற்குள் வரிசை நீண்டுவிடும். அவர்கள்மேல் கோபப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள். எத்தனை மணியானாலும் அவர்கள் ஓட்டுப் போடலாம். முத்திரை குத்துவது எப்படி என்று கேட்டால் சொல்வது அலுவலர் கடமை. யாருக்குக் குத்துவது என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. பார்வையற்றவர் தம்முடன் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்களா? தலைமை அலுவலரிடம் அடையாளத்தை நிரூபித்து 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். அது தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. அதனால் வீண் என்று நினைக்க வேண்டாம். ஆள்மாறாட்டம் நடந்ததற்கு அதுதான் ஆதாரம்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. இதைவிடக் கொடியது தலைவர் பதவியை ஏலம் விடுவது. கோயில் திருப்பணிக்குத்தானே என்பார்கள். அந்தத் தொகைக்கு விற்கப்படுவது ஊரில் ஒவ்வொருவரின் ஓட்டும். போட்டியிட நினைத்த பெண்ணின், பட்டியலினத்தவரின் வாய்ப்பும் அதோடு போகிறது. மாவட்டத் தேர்தல் அலுவலர் ஆட்சியர்தான்; வேட்புமனுத் தாக்கல் முடிவதற்குள் அவரிடம் புகார் போக வேண்டும்.

முடிவு வந்த பிறகும் வழி இருக்கிறது. ஊராட்சித் தேர்தல் முறைகேட்டை எதிர்த்து மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு போடலாம். தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, வாக்காளரும் போடலாம். முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். எனவே புகார் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் அன்றே பத்திரப்படுத்துங்கள்.