இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம்

இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் என்பது கடலடி நிலநடுக்கங்களைக் கண்டறிந்து, அவற்றால் ஆழிப்பேரலை (சுனாமி) எழுமா எனக் கணித்து அறிவிக்கும் அமைப்பாகும். இது ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது.

2004 டிசம்பர் 26 காலை சுமார் 6.29 மணிக்குச் சுமாத்திரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இலங்கையையும் குமரி முனையையும் வளைந்து வந்த அலை, மேற்குக் கரையிலுள்ள குளச்சலையும் தாக்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். எச்சரிக்க நேரம் இருந்தது, அமைப்புதான் இல்லை.

நில அதிர்வு பாறையில் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பரவும். ஆழிப்பேரலையோ ஆழ்கடலிலும் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்லும். இந்த இடைவெளியே முன்னெச்சரிக்கைக்கு அடிப்படை.

எனினும் நிலநடுக்கமானிகள் மட்டும் போதா. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கையும் விடப்பட்டது. ஆனால் கடற்தரை பெரும்பாலும் கிடையாக நகர்ந்ததால் பேரலை எழவில்லை. எனவே கடற்தரையில் அழுத்தமானிகள் வைக்கப்படுகின்றன. பல ஆயிரம் மீட்டர் ஆழத்திலும் ஓரிரு சென்டிமீட்டர் நீர்மட்ட மாற்றத்தை உணரும் இக்கருவிகள், ஒலி மூலம் மேலுள்ள மிதவைக்கும், அது செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கும் தகவல் அனுப்பும். நிறுவுவதைவிடப் பராமரிப்பதே கடினம்: மிதவைகள் மீன்பிடி படகுகளால் சேதமடைவதுண்டு.

அலை 60 நிமிடங்களுக்குள் அடையக்கூடிய கரைகளுக்கு நிலநடுக்கத் தகவலைக் கொண்டே எச்சரிக்கை விடப்படும். சுமாத்திரா அருகே எழும் அலையைப் பொறுத்தவரை அந்தமான் நிக்கோபார் தீவுகள் இவ்வகையின. தொலைவிலுள்ள குமரிக் கரைக்கு, நீர்மட்ட அளவீடு அலையை உறுதிசெய்த பின்னரே எச்சரிக்கை நிலை உயர்த்தப்படும்.