ஆட்டம் மாறலாம், முடிய வேண்டியதில்லை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கைகளின் உழைப்பை நம்பி வாழும் பெண்கள் பலர். தறி வேலையும், பீடி சுற்றுவதும், பூத்தொடுப்பதும் மணிக்கட்டுக்கு ஓய்வளிக்காத வேலைகள். அந்தக் கை வலிக்கத் தொடங்கும்போது, “இனி என் வேலை அவ்வளவுதானா?” என்னும் அச்சம் எழுவது இயல்பு. டென்னிஸ் மட்டையைப் பிடித்த பெண்களும் இதே அச்சத்தைக் கடந்து வந்தவர்களே. அவர்களுள் இருவரின் பிற்கால வாழ்க்கை, நோயுற்றோருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்கே எழுதுகிறோம்.

கோயம்புத்தூரில் 1976இல் பிறந்தவர் நிருபமா வைத்தியநாதன். கிராண்ட் ஸ்லாம் போட்டிகள் 1968இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. அதன் பின்னர் அவற்றின் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் இவரே. 1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனில் அந்த வெற்றி கிட்டியது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆட்டம் ஆடினார். திருமணத்துக்குப் பின் நிருபமா சஞ்சீவாக அமெரிக்காவில் குடியேறி, கலிபோர்னியாவில் டென்னிஸ் பயிற்றுநரானார். தாயான பின்பு, 33ஆம் வயதில், 2010ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் போட்டிக்கான இந்திய அணியில் மீண்டும் இடம்பெற்றார். ஆடிய கை கற்பிக்கும் கையாயிற்று. அதே கை மறுபடியும் ஆடவும் செய்தது.

ஐதராபாத்தின் சானியா மிர்சா 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடத்தை எட்டினார். 2008இல் மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மணிக்கட்டு வலியால் ஆட்டத்தைப் பாதியில் கைவிட்டார். காயங்கள் தொடரவே, 2013இல் ஒற்றையர் ஆட்டத்திலிருந்து விலகி இரட்டையர் ஆட்டத்தில் முழுக் கவனம் செலுத்தினார். இரட்டையரில் களத்தை இருவர் பகிர்ந்துகொள்வதால் ஓட்டமும் குறைகிறது, கை வீச்சும் குறைகிறது. 2015இல் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடம் அவருடையதாயிற்று. அவ்வாண்டே மார்ட்டினா ஹிங்கிசுடன் இணைந்து விம்பிள்டன் பட்டத்தையும் வென்றார். 2018இல் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் களத்துக்குத் திரும்பிய முதல் போட்டியிலேயே, ஹோபார்ட்டில் இரட்டையர் பட்டம் பெற்றார். 2023 பிப்ரவரியில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

சானியா வலியை மறைத்துக்கொண்டு பழையபடியே ஆடிக்கொண்டிருக்கவில்லை. மட்டையைத் தூக்கி எறிந்துவிடவும் இல்லை. உடல் தாங்கும் அளவுக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். மருத்துவத்தில் நாங்கள் மறுவாழ்வுச் சிகிச்சை என்று சொல்வதன் உட்பொருளும் இதுவே.

எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது? இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப் போய் உறக்கம் கலைந்தால், மணிக்கட்டின் குறுகிய வழியில் செல்லும் நரம்பு அழுந்துகிறது எனக் கருதலாம். நீரிழிவும் தைராய்டுக் குறைபாடும் உள்ளோரிடம் இது மிகுதி. தொடக்கத்திலேயே வந்தால், இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிவதும் வேலை முறையை மாற்றுவதும் பலருக்குப் போதுமானவை. காலம் தாழ்த்தினால் பெருவிரலின் அடித்தசை மெலியும். கையில் உள்ள பொருள் நழுவும். அந்நிலையில் அறுவைச் சிகிச்சை செய்தாலும் இழந்த வலிமை முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

குழந்தையை அடிக்கடி தூக்கும் இளந்தாய்மாருக்குப் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் தசைநார் வலி வருவதுண்டு. “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று அதனை ஒதுக்கிவிட வேண்டாம். மகப்பேற்றுக்குப் பின் வேலைக்கோ பயிற்சிக்கோ திரும்புவோர் படிப்படியாகத் திரும்ப வேண்டும். சிறுநீர்க் கசிவோ, அடிவயிற்றில் கீழ்நோக்கி இழுக்கும் உணர்வோ இருந்தால் கூச்சமின்றி மருத்துவரிடம் கூறுங்கள். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

பேணுவோருக்கு ஒரு சொல். “நீ இனி ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று அன்பினால் சொல்கிறீர்கள். அது நோயாளியின் காதில் தீர்ப்பாக விழுகிறது. எந்த வேலையைத் தொடரலாம், எதனைப் பகிர்ந்துகொள்ளலாம், எதனைச் சில வாரங்கள் நிறுத்தலாம் என்று கேளுங்கள். தண்ணீர்க் குடத்தையும் துணி பிழிவதையும் வீட்டிலுள்ள மற்றவர் ஏற்றுக்கொண்டால், அந்தக் கை தன் தொழிலுக்கு மிஞ்சும். இரட்டையர் ஆட்டத்துக்கு எப்போதும் துணையாள் ஒருவர் வேண்டும். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, நோயாளியுடன் நீங்களும் உள்ளே வாருங்கள். அவர் நாள்தோறும் செய்யும் வேலைகளை வரிசையாகச் சொல்லுங்கள். எதனை எப்படி மாற்றலாம் என்பதை நாம் சேர்ந்தே முடிவு செய்வோம்.