ஒரு பழைய துப்பாக்கி தன் வடிவம் பெற்ற கதை

சென்ற ஆண்டு ஆயுத பூசைக்கு முந்திய நாள் இயற்பியல் ஆய்வகக் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்த இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, நீங்கள் இராணுவத்தில் ஆர்மரராக இருந்தீர்களாமே! பழைய துப்பாக்கியைப் புதிதாக்க முடியுமா?" என்று கேட்டார். "புதிதாக்குவது எளிது தம்பி, பழையதாக்குவதுதான் கடினம்" என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக எண்ணி அவர் சிரித்துவிட்டுப் போனார். அது வேடிக்கையன்று என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆர்மரர் என்பவர் படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். என் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் என் கைவழியே சென்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்றுவரை மறக்க இயலவில்லை. அது '.303' என்று நாமெல்லாம் அறிந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கி.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். அவர் வகுத்த இயக்கமுறையும், இங்கிலாந்திலுள்ள என்ஃபீல்டு ஆயுதச்சாலை வகுத்த குழலும் சேர்ந்ததால் இப்பெயர் வந்தது. 1907இல் மூன்றாம் மாதிரி வெளிவந்தது. நீளம் 44.5 அங்குலம்; எடை ஏறத்தாழ 4 கிலோ; மாகசினில் 10 தோட்டாக்கள் அடங்கும். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ், இந்தியப் படைவீரர்களின் தோளில் இருந்தது இதுவே. வங்காளத்தில் ஊக்ளி ஆற்றங்கரையிலுள்ள ஈசாப்பூர் ஆலையிலும் இது செய்யப்பட்டது. இத்தகைய தோட்டாக்களுக்கு வேண்டிய கார்டைட் என்னும் வெடிமருந்தைச் செய்ய நம் நீலகிரியிலேயே, அருவங்காட்டில், 1903இல் ஓர் ஆலை நிறுவப்பட்டது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் வேலையின்றிக் கிடந்தன. பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் அவை மலிவு விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் வேட்டைக்கு ஏற்றவாறு அவற்றை மாற்றினார்கள். குழலின் கீழுள்ள நீண்ட முன்கட்டையைப் பாதியாக அறுத்தார்கள். குழலின் மேலே கை சுடாமல் காக்கும் மரமூடியைக் கழற்றி எறிந்தார்கள். முனையிலுள்ள கனத்த இரும்புத் தொப்பியையும் நீக்கினார்கள். சிலர் குழலையே வெட்டிக் குறைத்தார்கள். சிலர் தொலைநோக்கி பொருத்த உடற்பகுதியில் துளையிட்டார்கள். பர்மிங்காமிலிருந்த பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் இதை ஒரு தொழிலாகவே செய்தன. அன்று அது குற்றமாக எவருக்கும் தோன்றவில்லை. தெருவெல்லாம் கிடைத்த பொருளுக்கு யார் மதிப்புத் தருவார்கள்? இன்று அந்நாடுகளில் அறுத்ததை ஒட்டவும், எறிந்ததைத் தேடவும் ஆர்வலர்கள் பாடுபடுகிறார்கள்.

எங்கள் கைக்கு வந்ததும் அப்படி அறுபட்ட ஒன்றுதான். 1994ஆம் ஆண்டு, வடநாட்டில் ஒரு பணிமனையில் நான் இருந்தபோது, ஒரு படைப்பிரிவின் சிறு காட்சிக்கூடத்திற்காக அதைச் சீர்செய்து தரும்படி அனுப்பியிருந்தார்கள். முன்கட்டை பாதி இல்லை. மேல்மூடியும் முனைத்தொப்பியும் இல்லை. மரத்தின்மேல் கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷ். பித்தளையாலான அடித்தகட்டிலும் கறுப்பு வண்ணம். அதன் சுடும் ஊசி முன்பே முறைப்படி வெட்டப்பட்டிருந்தது. எனவே அது காட்சிப்பொருள் மட்டுமே. அந்த ஊசியை நாங்கள் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது.

எங்கள் சுபேதார் வேலூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். துப்பாக்கியை மேசைமேல் வைத்து, "தம்பி, கருவி எதையும் தொடாதே. முதலில் படி" என்றார். "எதைப் படிப்பது சாகிப்?" என்று கேட்டேன். "இதைத்தான்" என்று துப்பாக்கியைக் காட்டினார்.

உண்மையில் அது ஒரு புத்தகம்தான். பின்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தில் மகுடம், அரசரின் பெயரெழுத்து, ஆலையின் பெயர், 1912 என்னும் ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. குழலில் மட்டும் 1918 என்றிருந்தது. ஆனால், உடற்பகுதியிலும் குழலிலும் போல்ட்டின் கைப்பிடியிலும் எண் ஒன்றே. இதன் பொருள் என்ன? பழைய குழல் தேய்ந்தபின் முறையான பணிமனை ஒன்று புதுக்குழல் பூட்டி, அதே எண்ணை அதில் வெட்டியிருக்கிறது.

உடற்பகுதியின் வலப்பக்கத்தில் ஒரு நீண்ட பள்ளம் வெறுமையாக இருந்தது. மாகசினை மறைத்து ஒவ்வொரு தோட்டாவாக இடச்செய்யும் தகடு ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் வேலையைக் குறைக்க 1916இல் அத்தகட்டை நீக்கிய எளிய மாதிரி ஏற்கப்பட்டது. பழைய துப்பாக்கிகளிலிருந்தும் அது பின்னர் கழற்றப்பட்டது. எஞ்சியிருந்த பாதி முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி இருந்தது. மரம் பிளவாதிருக்க ஈசாப்பூரில் செய்யும் வழக்கமான வேலை அது. ஆக, இங்கிலாந்தில் பிறந்து, 1918இல் செய்த குழலைப் பெற்று, பின்னர் இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது என்னும் வாழ்க்கை வரலாறு எங்கள் கண்முன் விரிந்தது.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. மூலவடிவம் என்கிறோமே, எது மூலம்? 1912இல் ஆலையை விட்டு வந்த வடிவமா? 1918க்குப் பின் இருந்த வடிவமா? இந்தியாவில் பழுது பார்த்தபின் இருந்ததா? 1912ஆம் ஆண்டு வடிவத்துக்குக் கொண்டுபோனால் அழகாக இருக்கும். ஆனால், அதற்கு அந்தக் குழலையும் ஈசாப்பூர்த் திருகாணி உள்ள மரத்தையும் தூக்கி எறிய வேண்டும். அப்படிச் செய்தால், வேட்டைக்காக அறுத்தவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? படைக்கருவியாக அது கடைசியாக எந்த நிலையில் சேவை செய்ததோ அந்த நிலைக்கே கொண்டுவருவது என்று சுபேதார் முடிவு செய்தார். அதற்குப்பின் செய்த சிதைவுகளை மட்டும் நீக்குவது. அதற்குமுன் படையே செய்த மாற்றங்களைத் தொடுவதில்லை. இம்முடிவே எங்கள் வேலைக்கு அடிப்படை ஆயிற்று.

அடுத்து நான் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்கட்டையைக் கழற்ற, அடித்தகட்டிலுள்ள சிறு கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஓர் எண்ணெய்ப் புட்டியும் குழல் துடைக்கும் கயிறும் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் தோல் அடைப்பு. அதற்கும் அப்பால் நீண்ட மரையாணி. நீளமான திருப்புளியை உள்ளே விட்டுத் திருகினால் ஆணி கழலும். எனக்கு அவசரம், திருகினேன். 'படக்' என்று ஒரு சத்தம். அந்த ஆணியின் முனை சதுர வடிவானது. அது முன்கட்டையின் பின்புறத்தில் உள்ள ஓர் இரும்புத் தகட்டில் செருகியிருக்கும். முன்கட்டையை முதலில் கழற்றாமல் ஆணியைத் திருப்பினால், அச்சதுரம் தகட்டைத் திருகி மரத்தைப் பிளந்துவிடும். ஏறத்தாழ 80 ஆண்டுகள் தாங்கிய மரத்தை நான் ஒரு நொடியில் பிளந்துவிட்டேன்!

சுபேதார் திட்டவில்லை. "வரிசை தெரியாமல் கழற்றினால் இப்படித்தான். இனி மறக்கமாட்டாய்" என்றார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

புது முன்கட்டை முழுதாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அவர் உடன்படவில்லை. பிளவில் பசை செலுத்தி, மெல்லிய மரமுளை அடித்து இறுக்கினோம். பயனற்றதெனக் கழிக்கப்பட்ட வேறொரு துப்பாக்கியின் முன்கட்டையிலிருந்து முன்பாதியை வெட்டியெடுத்து, எங்கள் மரத்தோடு பொருத்தினோம். வார் மாட்டும் வளையப்பட்டைக்கு அடியில் ஒட்டு வருமாறு அளந்து அறுத்ததால் வெளியே கோடு தெரியவில்லை.

ஒட்டுவது பாதி வேலைதான். குழலும் மரமும் எங்கே தொடவேண்டுமோ அங்கே தொடவேண்டும். மற்ற இடங்களில் தொடக்கூடாது. முனைக்கு அருகே ஒரு சிறு வில்லும் குமிழும் குழலை மேல்நோக்கித் தாங்கும். சுடும்போது பின்னோக்கி வரும் உதைப்பை முன்கட்டையின் பின்பகுதி வாங்கும். இவ்விரண்டும் சரியாக அமையாவிட்டால் பார்வைக்கு அழகாயிருந்தும் அது துப்பாக்கி ஆகாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் தடவி, மரத்தில் வைத்து எடுத்து, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சீவிச்சீவி ஐந்து நாட்கள் செலவிட்டோம்.

மெருகு பற்றியும் ஒரு சொல். உப்புத்தாளால் தேய்த்தால் வார்னிஷ் போய்விடும்; கூடவே மரத்திலுள்ள பரிசோதகர் முத்திரைகளும் போய்விடும். ஆகவே கரைப்பானால் வார்னிஷை இளக்கித் துணியால் எடுத்தோம். மரம் அமுங்கியிருந்த இடங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தோம். நீராவியால் நார்கள் உப்பி எழுந்தன. பின்னர் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்து ஊறவிட்டோம். அக்காலத்து ஆயுதச்சாலைகளின் முறையும் இதுவே.

குழலின் உட்புறத்தில் அரிப்பு இருந்தது. அக்காலத் தோட்டாக்களின் தீப்பற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகிக் குழலில் தங்கும். காற்றின் ஈரத்தை அது இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெயில் அவ்வுப்பு கரையாது, நீரில்தான் கரையும். சுட்டபின் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று அந்நாளில் வற்புறுத்தியது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? எவரோ ஒருவர் ஒரு மாலை சோம்பியிருந்ததன் அடையாளம் அந்த அரிப்பு. அதை நாங்கள் மறைக்கவில்லை.

இறுதியில் ஒரு சோதனை வந்தது. பின்கட்டையின் வலப்பக்கத்தில் ஒரு வட்டப்பள்ளம் மரத்தூள் பசையால் அடைக்கப்பட்டிருந்தது. அங்கே எந்தப் படைப்பிரிவுக்கு உரியது என்று பொறித்த பித்தளை வில்லை இருந்திருக்கும். வேலையைப் பார்க்க வந்த இளம் அதிகாரி, "நம் படைப்பிரிவின் பெயரையும் 1918 என்ற ஆண்டையும் வெட்டி ஒரு வில்லை பதித்துவிடுங்கள். பார்ப்பவர்களுக்குப் பெருமையாக இருக்கும்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

சுபேதார் எழுந்து நின்றார். "சாகிப், மரம் இல்லையென்றால் மரம் வைக்கலாம். பெயர் இல்லையென்றால் பெயர் வைக்க முடியாது. இதைச் சுமந்தவன் யாரோ! நாம் வேறு பெயர் எழுதினால் அவன் இரண்டாம் முறை செத்துப்போவான்" என்றார். பணிமனையில் சற்றுநேரம் ஓசையே இல்லை. அதிகாரி சிறிது யோசித்து, "சரி, வெறும் வில்லை பதியுங்கள்" என்றார். அவ்வாறே எழுத்தில்லாத பித்தளை வில்லை ஒன்று பதித்தோம். புதிதாகச் சேர்த்த மரத்தின் அடியில், கழற்றினால் மட்டும் தெரியுமாறு, 1994 என்று உளியால் வெட்டினோம். எவை பழையவை, எவை நாங்கள் சேர்த்தவை என்று ஓர் அட்டையில் எழுதித் துப்பாக்கியுடன் அனுப்பினோம். என் கையால் பிளந்த இடத்தையும் அதில் எழுதச் சொன்னார், எழுதினேன்.

மாணவ நண்பர்களே! நம் நாட்டில் ஆயுதச் சட்டம், 1959 நடைமுறையில் இருக்கிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்; .303 போன்ற படைக்கலங்கள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. எனவே துப்பாக்கி பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், பழையவை நம் வீடுகளிலும் ஊர்களிலும் ஏராளம் உண்டு. பாட்டனார் எழுதிய ஏடு, கோயில் தூணின்மேல் பூசிய வண்ணம், பரணிலுள்ள மரப்பெட்டி ஆகிய எதைத் தொடுமுன்னும் மூன்றை நினைவில் கொள்ளுங்கள். முதலில் படியுங்கள், வரிசையறிந்து கழற்றுங்கள், தெரியாததை எழுதாதீர்கள்.

இந்த மூன்றையும் எனக்குக் கற்பித்த சுபேதார் இன்று இல்லை. அந்த எழுத்தில்லாத பித்தளை வில்லை மட்டும் எங்கோ ஒரு கண்ணாடிப் பேழைக்குள் இன்றும் இருக்கும் என்று நம்புகிறேன்.