புல்வெட்டும் யந்திரமும் புலப்படாத அபாயங்களும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் தாலுக்காவில் உள்ளது பொம்மசந்திரா. ஆலைகள் மலிந்த இத்தகைய ஊர்களில், மழை ஓய்ந்ததும் மதிலோரமெங்கும் புல் மண்டிவிடும். முன்னாளில் அரிவாள் செய்த வேலையை இன்று தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் யந்திரம் செய்கிறது. அரிவாளின் கூர்மையைப் பிடித்த கை அறியும். இந்த யந்திரத்தின் அபாயங்களோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றுள் நான்கினை நாம் இங்கே ஆராய்வோம்.

முதலாவது, பெட்ரோலின் ஆவி. பூஜ்யத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். அவ்வாவி காற்றினும் கனமானது. ஆதலால் தரையோடு படர்ந்து சென்று, அப்பால் ஒருவர் கிழிக்கும் தீக்குச்சியையும் எட்டிவிடும். ஆகவே, எஞ்சினை நிறுத்திச் சூடு ஆறிய பின்னரே, திறந்த வெளியில், யந்திரத்தைத் தரையில் வைத்துப் பெட்ரோல் ஊற்றவேண்டும். சிந்தியதைத் துடைத்துவிட்டு, அவ்விடத்திலிருந்து 10 அடியாவது விலகிச் சென்ற பிறகே எஞ்சினை இயக்கவேண்டும்.

இரண்டாவது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது சேர்ந்துகொள்ளும். பழுது பார்ப்பதற்காகவேனும் மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டலாகாது.

மூன்றாவது, சிதறும் கல். இரும்பு அலகாயினும் நைலான் கயிறாயினும், நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. அதில் அகப்பட்ட கூழாங்கல் துப்பாக்கிக் குண்டைப் போலப் பாயும். வேலை தொடங்குமுன் கல், கம்பி, கண்ணாடித் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றவேண்டும். சுற்றிலும் 50 அடிக்குள் எவரும் நிற்கலாகாது. குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இடைஞ்சலென்று எண்ணி அலகின் காப்புத் தகட்டைக் கழற்றிவிடுவது பெருந்தவறு.

நான்காவது, ஓசையும் சுழற்சியும். எஞ்சின் இரைச்சலில், பின்னால் வருபவரின் குரல் வேலை செய்பவருக்குக் கேளாது. அவரிடம் செல்வோர் முன்புறமாக, அவர் பார்வையில் படும்படி தூரத்திலேயே நின்று சைகை காட்டவேண்டும். விசையை விட்ட பின்னும் அலகு சில விநாடிகள் சுழன்றுகொண்டிருக்கும். சிக்கிய புல்லை எடுக்குமுன் எஞ்சினை நிறுத்தி, அலகு முற்றிலும் நின்றதைக் கண்டு, ஸ்பார்க் பிளக்கின் இணைப்பையும் கழற்றிவிடவேண்டும்.

இறுதியாக ஒன்று. இக்கருவியைத் தாங்குபவர் பலவிடங்களிலும் தினக்கூலிக்கு வந்தவர். முகத்தில் துண்டும் காலில் ரப்பர் செருப்புமே அவருக்குக் கவசமாக இருப்பதை நாம் காண்கிறோம். காப்புக் கண்ணாடி, முகத்திரை, காதடைப்பு, கனத்த காலணி ஆகியவற்றை அளிப்பது வேலை கொடுப்போரின் கடமை. அவற்றை அணிந்த பின்னரே யந்திரத்தைத் தொடுவது செய்பவரின் கடமை. கண்ணாடி உடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். கண்ணை எங்கே வாங்குவோம்?