இடம் வலமாகத் திருப்பிய ஜெர்மன் பைக்

பிரிட்டனில் பழைய பைக் விற்பனை விளம்பரங்களைப் புரட்டுபவர்களுக்கு ‘பிஎஸ்ஏ பேன்டம்’ பழகிய பெயர். 1948 முதல் 1971 வரை லட்சக்கணக்கில் தயாரான வண்டி அது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை இதற்குச் சிவப்பு வண்ணம் பூசித் தந்தி கொண்டுபோகும் பையன்களிடம் கொடுத்தது. பெகி ஐரிஸ் தாமஸ் என்ற இளம்பெண் 1950களின் தொடக்கத்தில், பின்னால் தன் நாயையும் ஏற்றிக்கொண்டு வட அமெரிக்காவைச் சுற்றி வந்ததும் பேன்டத்தில்தான்.

இத்தனைக்கும் வண்டியின் பூர்வீகம் ஜெர்மனி. டிகேடபிள்யூ நிறுவனத்துக்காக ஹெர்மன் வெபர் வடிவமைத்த ஆர்டி 125தான் மூலம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் இந்த வடிவமைப்பு போர் இழப்பீடாக வென்றவர்களிடம் போனது. சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சனும் அதே வண்டியை வேறு பெயர்களில் தயாரித்தன. ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. நம்மூர் இளைஞர்கள் இன்றும் தேடி அலையும் ஆர்எக்ஸ் 100-ஐத் தந்த யமஹாவின் முதல் பைக்கான ஒய்ஏ-1, 1955-இல் இதைப் பார்த்து உருவானதே.

பர்மிங்காமில் இருந்த பிஎஸ்ஏவுக்கு ஒரு சிக்கல். அன்றைய பிரிட்டிஷ்காரர்கள் வலது காலால் கியர் மாற்றிப் பழகியவர்கள். ஜெர்மன் வண்டியில் கியர் இடப்பக்கம். என்ன செய்வது? எஞ்சின் வரைபடத்தையே கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பிவிட்டார்கள்!

முதல் மாடலான டி1, 123 சிசி டூ ஸ்ட்ரோக், மூன்றே கியர். வால்வு இல்லை, ஆயில் பம்ப்பும் இல்லை. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவை காற்றோடு சேர்ந்து முதலில் கிராங்க் கேஸுக்குள் போகும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அது அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துளைகள் வழியாக சிலிண்டருக்குள் ஏறும். அதனால் கிராங்க் கேஸில் காற்றுக் கசிவே இருக்கக் கூடாது.

பேன்டம் வாங்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் இதுதான். கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் நிற்காது. கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் அங்குள்ள ஆயிலையும் உறிஞ்சிப் புகையாகக் கக்கும். சீல் விலை குறைவுதான். ஆனால் அதை முழுமையாக மாற்ற எஞ்சினைக் கழற்றிப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே, புதுப் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்காமல், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டபின் விலை பேசுவதே நல்லது.