காரீயக் குண்டும் செம்புப் பூச்சுக் குண்டும்

கடற்கரைத் தாலூகாக்களில் பயிர்க் காவலின் பொருட்டு லைசென்ஸ் பெற்று .22 ரைபிள் வைத்திருக்கும் நிலக்காரர் சிலர், தோட்டாவில் வெறும் ஈயக் குண்டு நல்லதா, செம்பு பூசினது நல்லதா என வினவுகின்றனர்.

1887 ஆம் வருஷம் அமெரிக்காவில் ஏற்பட்ட .22 லாங் ரைபிள் தோட்டாவே இன்றும் வழங்குகிறது. அதைக் கொளுத்தும் மருந்து அடியின் நடுவில் இராது. பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்பினுள் அடங்கியிருக்கும். குண்டு பெரும்பாலும் 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள காரீயம். (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு.) செம்பு பூசினது என்பதும் இதே காரீயந்தான், பித்தளைக் குண்டானுக்கு ஈயம் பூசினாற்போல் மேலே மெல்லிய செம்பு படிந்திருக்கும், அவ்வளவே. ராணுவக் குண்டின் கனத்த உறையன்று அது.

விநாடிக்குச் சுமார் 1,250 அடி செல்லும் வேகத் தோட்டாக்களுக்கே பெரும்பாலும் இப்பூச்சு இடப்படுவதால், செம்பினால் வேகம் வந்ததென்று மயங்குவோர் பலர். வேகத்தைத் தருவது மருந்தே. குறிசுடும் பந்தயங்களுக்குரிய உயர்தரத் தோட்டாக்களோ, மெழுகோ கொழுப்போ தடவிய வெறுங் காரீயக் குண்டுடையவை.

ஆயினும் நமது கரையில் செம்புக்கு ஓர் அனுகூலம் உண்டு. குதிரைமொழித் தேரிப் பக்கத்தில் காற்றுக் காலத்தில் செம்மணல் புகாத இடமில்லை. பிசுபிசுப்பான காரீயக் குண்டில் ஒட்டிய மணல் குழலினுள் சென்று அதைத் தேய்க்கும். செம்புப் பூச்சில் அவ்வளவு ஒட்டாது. கையிலும் கறை குறைவு. எவ்வகையாயினும் சட்டைப் பையில் இட்டுச் செல்லாமல், இறுக மூடும் டப்பாவில் வைத்தல் வேண்டும். உப்புக் காற்றில் செம்பும் களிம்பேறும்.

செம்பு விஷத்தைப் போக்கிவிடும் என்று மட்டும் எண்ணலாகாது. விளிம்பு மருந்திலேயே பெரும்பாலும் ஈயச் சேர்க்கை உண்டாகையால் புகையிலும் ஈயம் வரும். சுட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. குழந்தைகளுக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை.

இதனினும் பெரிய அபாயம் உப்பளத்தில் உள்ளது. இச்சிறு குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்லும். இறுகிய பாத்தித் தரையிலோ நீரிலோ சாய்வாகப் பட்டால் தெறித்து எழும். அப்பால் உப்பு வாருவோர் இருப்பார்கள். உயர்ந்த மண்மேடு பின்னால் இல்லாத இடத்தில் எந்தக் குண்டையும் சுடலாகாது. மயிலும் காட்டுப்பன்றியும் 1972 ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. லைசென்ஸ் இருப்பதனால் மட்டும் அவற்றைச் சுட உரிமை வாராது என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லுதல் நலம்.

குறியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு தோட்டாவை விரும்பும். அனுமதி பெற்ற சுடுதளத்தில், இருவகையிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ரைபிளை மணல் மூட்டைமேல் சார்த்தி, 50 கஜத்தில் பத்துப் பத்தாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்குக. வகை மாற்றும்போது குழலைத் துடைத்து, முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காது விடுக.